பிரேக் பட்டை

ஆகஸ்ட் 4, திங்கள்

பதினாறு நாளுக்குப் பிறகு இன்றுதான் ரிப்பேர் கடை ஷட்டரைத் தூக்கினேன். நேற்று என் தம்பி சுருளிவேலுக்குக் காரியம் முடிந்தது. உள்ளே பழைய பெட்ரோல் வாடை அடைந்து கிடந்தது. நான் இல்லாத நாட்களில் வந்தவர்கள் பக்கத்து டீக்கடையில் ஏழு மெஷின்களை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றில்கூடப் பெயர் எழுதிய சீட்டு இல்லை. மெஷினைப் பார்த்தே வீரணன் ஆளைச் சொல்லிவிடுவான் என்று நினைப்பு. சொல்லத்தான் செய்கிறேன். ஏர் ஃபில்டரை வாங்கிய நாளிலிருந்து கழுவாதவர் யார், பெட்ரோலில் ஆயிலைக் கண்மதிப்பாக ஊற்றுகிறவர் யார் என்று போடியில் எனக்குத் தெரியாதா.

முதல் ஆள் சில்லமரத்துப்பட்டியிலிருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியார். துக்கம் கேட்டார். கேட்ட கையோடு, ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பில் புல் வெட்ட எந்த மெஷின் வாங்கலாம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. போனில் பார்த்து வைத்திருந்த ஒன்றைக் காட்டினார். புல் வெட்டும், மண் கிளறும், மரம் அறுக்கும், ஒரே மெஷினில் எட்டு வேலையாம். எட்டையும் அரைகுறையாகச் செய்யும் என்றேன். முதலில் ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், அப்புறம் மெஷினைப் பாருங்கள். சமதரைக்குத் தோளில் மாட்டுகிறது போதும், முதுகில் சுமக்கிறது மலைச்சரிவுக்கு. தென்னைமரத்தின் தூருக்குப் பக்கத்தில் பிளேடு போடாதீர்கள், நைலான் நரம்பு போடுங்கள். இதையெல்லாம் சொல்லும்போது என் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

நடந்ததை ஒரு தடவை எழுதி வைக்கிறேன். சுருளி மரம் அறுக்கிறவன். ஜூலை 19ஆம் தேதி மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில், சாய்த்த மரத்தில் கொப்புக் கழித்துக்கொண்டிருந்தான். அறுக்கிற மெஷின் எகிறிக் கழுத்தில் பட்டுவிட்டது. ஊர் வந்து சேருவதற்குள் உயிர் போய்விட்டது. குடித்துவிட்டு அறுத்தான் என்று ஊரில் பேச்சு. அவனை வேலைக்குக் கூட்டிப்போன மர வியாபாரி அழகுராசா அப்படித்தான் சொல்கிறார். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. மத்தியானம் நன்றாகப் பசித்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான்கு கார்பரேட்டர். நான்கிலும் டயாபிரம் ரப்பர் காய்ந்து தகரம்போல் கிடந்தது. வேலை முடிந்ததும் டாங்கியில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, தானாக அணைகிறவரை ஓடவிட்டு வையுங்கள் என்று தொண்டை வறளச் சொல்லியாயிற்று. ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் எனக்கு வேலை இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தமயந்தி வந்தாள். சுருளியின் மனைவி. கையில் உரச்சாக்கு. சாக்குக்குள் அந்த மெஷின். அழகுராசாவின் மாட்டுக் கொட்டகையில் கிடந்ததைக் கேட்டு வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். ஏழு கிலோ இருக்கும். வேலை மேசைமேல் வைத்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

தை மாதம் சுருளி குடியை விட்டான். மகள் ஹரிணியின் தலையில் கை வைத்து, இனித் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தான். நானும் என் வீட்டுக்காரி விஜயராணியும் அங்கே இருந்தோம். அதற்குப் பிறகு அவன் நாக்கில் ஒரு சொட்டுப் படவில்லை. ஆனால் உடம்பு வீட்டுக்கு வந்தபோது சட்டையில் பிராந்தி வாடை அடித்தது. சட்டையைக் கழற்றியவள் தமயந்தி. ஊர் பேசுவதை அவள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பாள். தன் மூக்கை என்ன செய்வாள்.

“மாமா, நீங்க எந்த மெஷினா இருந்தாலும் பிரிச்சுப் பாத்து உள்ளதச் சொல்றவுக. இதையும் பாத்துச் சொல்லுங்க. மெஷின்ல கோளாறா, இல்ல அவரு குடிச்சிருந்தாரா. எனக்கு அது மட்டும் தெரியணும்.”

தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“மெஷினுன்னா அழுவேன் மாமா. குடிச்சிருந்தாருன்னா பிள்ளயக் காப்பாத்துற வழியப் பாக்கணும். அவ தலையிலல்ல சத்தியம் பண்ணுனாரு.”

பார்க்கிறேன் என்றேன். அவள் போனதும் சாக்கை மேசையடியில் தள்ளி வைத்தேன். பிறகு ஒரு ஸ்பிரேயருக்கு வாஷர் மாற்றினேன்.

ஆகஸ்ட் 9, சனி

தேவாரத்திலிருந்து ஒருவர் பழைய மரம் அறுக்கிற மெஷினை யாரோ விற்கிறார்கள் என்று படம் எடுத்து வந்திருந்தார். படத்தைப் பார்த்து மெஷின் வாங்குவது படத்தைப் பார்த்துப் பெண் கட்டுவதுதான். நேரில் போங்கள் என்றேன். நீங்கள் போகும்போது இன்ஜின் சில்லென்று இருக்க வேண்டும். முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கிறார் என்று அர்த்தம். ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெஷினை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது, சரசரவென்று இறங்கினால் ரிங் போய்விட்டது. சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டனைப் பாருங்கள், நெடுக்கக் கீறல் இருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியில் பிரேக். முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தகடு நிற்கும். மெஷின் நம்மை நோக்கி எகிறினால் மணிக்கட்டு அதில் மோதும். மோதினதும் உள்ளே இருக்கிற இரும்புப் பட்டை டிரம்மை இறுக்கிப் பிடித்துச் செயினை நிறுத்திவிடும். கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகாது. தரையில் வைத்து ஓடவிட்டு, தகட்டைத் தள்ளிப் பாருங்கள், செயின் நிற்க வேண்டும் என்றேன்.

“அதத்தான் எல்லாரும் டம்மி பண்ணி வச்சிருக்காய்ங்களேண்ணே” என்றார்.

உண்மைதான். கொப்புக் கழிக்கும்போது தகடு அங்கே இங்கே மோதிச் செயின் அடிக்கடி நின்றுவிடும். வேலை கெடுகிறது என்று பட்டையைக் கழற்றிவிடச் சொல்வார்கள். அதற்குப் பெயர்தான் டம்மி பண்ணுவது. இந்தப் பக்கத்தில் செய்யாத கடை இல்லை. நான் செய்வதில்லை என்று அவரிடம் சொன்னேன்.

சாக்கை இன்னும் பிரிக்கவில்லை. வேலை அதிகம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அழகுராசா வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே சத்தம் கொடுக்கிற ஆள், இன்று உள்ளே வந்து மெதுவாகப் பேசினார். தமயந்தி மெஷினை இங்கே கொண்டுவந்தாளாமே என்றார். ஆமாம் என்றேன்.

“எதுக்குண்ணே அதப் போய் நோண்டிக்கிட்டு. போனது போச்சு. பழைய இரும்புல போட்டுரலாம், நானே எடுத்துட்டுப் போறேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மற்றவன் என்ன தெரிந்து வைத்திருக்கிறான் என்று இரண்டு பேரும் எடை போட்டோம். சாக்கைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். டீ சொன்னேன், குடித்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அறுத்துத்தான் கொடுப்பார்கள், வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அன்றைக்குப் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். அதனால் டாக்டர் யாரும் பார்க்கவில்லை. குடித்திருந்தானா இல்லையா என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை. தமயந்தி போன் செய்தாள். சரியான ஸ்பேனர் கிடைக்கவில்லை என்றேன். இருபத்தாறு வருடக் கடையில்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஹரிணிக்குக் காய்ச்சல் என்று விஜயராணி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிள்ளைக்குப் பதிமூன்று வயது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார். ஆனால் கஞ்சியைக்கூடத் தொடுவதில்லை. அப்பா சத்தியத்தை மீறினார், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அடுத்தது நீதான் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ நாக்கின் மேல் பல்லைப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தலையை யாரையும் தொட விடுவதில்லையாம். எட்டு நாளாகச் சீவவில்லை. முடி சடைபிடித்துப் போய்க் கிடக்கிறது.

தலையில் கை வைத்த சத்தியம் பிள்ளையை அடிக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருக்கிறது.

அந்த மெஷினைப் பார்த்தீர்களா என்று விஜயராணி கேட்டாள். நாளை பார்க்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னேன். இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. தெருவில் கொடியேற்றிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். நான் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுச் சாக்கைப் பிரித்தேன்.

முதலில் பிரஷ்ஷால் துடைத்தேன். மரத்தூள், மாம்பால், காய்ந்து கறுத்த இன்னொன்று. பிறகு மூடியைக் கழற்றினேன். இரண்டே நட்டு, ஒரு நிமிட வேலை. செயின் நல்ல கூர்மை. சுருளி எப்போதும் கூர் தீட்டித்தான் வைத்திருப்பான், அதில் குறை சொல்ல முடியாது. செயின் ஓடுகிற பார் நேராக இருந்தது. இன்ஜின் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பிரேக் பட்டை இருக்க வேண்டிய இடம் காலி. வெளியில் எங்காவது கொடுத்து டம்மி பண்ணியிருப்பான். யார் கழற்றினார்களோ தெரியவில்லை.

கடைசி இரண்டு வரியும் பொய். என் டைரியில் எனக்கே பொய் எழுதி வைக்கிறேன். கழற்றியவன் நான். ஜூலை 2ஆம் தேதி, இதே மேசையில். பட்டை கோணி டிரம்மில் உரசிக்கொண்டே இருந்தது, புகை வந்தது. மாற்றுப் பட்டை கையிருப்பில் இல்லை, மதுரையிலிருந்து வர வேண்டும். வேலை நிற்கக் கூடாது, கழற்றிவிடுண்ணே என்று சுருளிதான் கேட்டான். கேட்டதால் செய்தேன்.

மெஷினைத் திரும்பச் சாக்கில் போட்டுக் கட்டினேன். வீட்டுக்குப் போய்த் தூங்கினேன், நன்றாகத் தூக்கம் வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தமயந்தி வீட்டுக்குப் போனேன். ஹரிணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டிருந்தாள்.

வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். பிராந்தி வாடை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். சுருளியோடு கயிறு பிடிக்கப் போன பெத்தணன் அன்றைக்குச் சாயங்காலமே என்னிடம் சொல்லிவிட்டான். ரத்தம் நிற்கட்டும் என்று அழகுராசா தன் பாக்கெட்டில் இருந்த பிராந்தியை எடுத்துக் காயத்தில் ஊற்றியிருக்கிறார். காட்டு வேலைக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற மடத்தனம். அறுப்பு நடக்கிற இடத்துக்குப் பாட்டிலோடு வந்தது வெளியே தெரிந்தால் மானக்கேடு என்று அவர் வாயைத் திறக்கவில்லை. பெத்தணன் மறுநாளே கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான், போனை எடுப்பதில்லை. வாடையின் கதையை மட்டும் சொல்லிவிட்டால் போதும், தம்பி பேரும் தப்பும், பிள்ளைக்கும் பயம் தெளியும், பட்டையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. இதுதான் என் கணக்கு.

சொன்னேன். தமயந்தி முழுக்கக் கேட்டாள்.

“தம்பி பேரு கெட்டுறக் கூடாதுன்னு சொல்றீக” என்றாள். “இத்தன நாளு சொல்லாம இப்ப வந்து சொல்றீகளே. இருபது வருசமா அறுத்த மனுசன் மாமா. நிதானத்துல இருந்தா மெஷினு எப்படி அவரு கழுத்துக்கு வரும்? மெஷினப் பிரிச்சுப் பாத்தீகளா?”

பார்த்தேன் என்றேன்.

“கோளாறு இருந்துச்சா?”

இல்லை என்றேன். ஒரு சொல்தான். கேட்ட உடனே அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. சரி மாமா, சாப்பிட்டுப் போங்க என்றாள். சாப்பிடாமல் வந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் வந்தவன் புது மெஷினை மேசைமேல் வைத்து, பிரேக்கை டம்மி பண்ணி வைங்கண்ணே, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றான். மெஷினைத் தூக்கி வெளியே வைத்தேன். ஏன் என்று கேட்டான். நான் அடுத்த மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தேன். பெரிய யோக்கியன் என்று திட்டிவிட்டுப் போனான்.

தமயந்தி கோடாங்கியிடம் குறி கேட்டிருக்கிறாள். சத்தியம் பிள்ளையின் தலையில் இறங்கியிருக்கிறதாம். புதன்கிழமை மொட்டை போட வேண்டும், மூன்று அமாவாசைக்குப் பிள்ளை ஒருவேளைச் சோற்றோடு விரதம் இருக்க வேண்டும். ஏற்கெனவே எலும்பும் தோலுமாகக் கிடக்கிற பிள்ளை. தலையைத் தொட்டாலே அலறுகிறவளை நான்கு பேர் பிடித்துக்கொண்டுதான் மொட்டை போட வேண்டும் என்று சொல்லி விஜயராணி அழுதாள். பிடிக்கிற ஆட்களில் என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள் தமயந்தி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று ஒரு மெஷினும் தொடவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

ஜூலை 2ஆம் தேதி பட்டையைக் கழற்றச் சொன்னது சுருளி இல்லை. நான்தான் கழற்றிக் கையில் கொடுத்தேன். அவன் தகட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “பிரேக் இல்லாம எப்படிண்ணே, பட்டை வரட்டும், நாலு நாளு சும்மா இருக்கேன்” என்றான். கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். நான் சிரித்தேன். “இருபது வருசமா மரம் அறுக்குறவன், பட்டை இல்லாட்டி உனக்குக் கை உதறுதாடா? குடிய விட்டதும் தைரியமும் போயிருச்சா?” என்று கேட்டேன். நின்றவர்களும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டு மெஷினை எடுத்துப் போனான். நான் எப்போதும் அவனைக் கேலி செய்வேன். சின்ன வயதிலிருந்தே அவனிடம் எனக்கு வேறு பேச்சுத் தெரியாது.

பட்டை 10ஆம் தேதி மதுரையிலிருந்து வந்துவிட்டது. 12ஆம் தேதி சுருளி வந்தான். ஒன்பது மெஷின் வரிசையில் இருந்தது. வெளியாட்களைக் காக்க வைத்துவிட்டுத் தம்பி வேலையை முதலில் செய்தால் பேசுவார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வா என்றேன். கால் மணி நேர வேலை.

19ஆம் தேதி காலை அழகுராசா வேனிலிருந்து போன் செய்தார். உசுரு போயிருச்சுண்ணே, ஆஸ்பத்திரிக்கு விடவா, வீட்டுக்கு விடவா என்று கேட்டார். வீட்டுக்குக் கொண்டுவாங்க என்று சொன்னேன். பெரியவர்கள் கூடி முடிவு செய்தோம் என்று முன்பு எழுதியிருக்கிறேன். யாரும் கூடவில்லை. போனில் நான் ஒருவன் சொன்னது. ஆஸ்பத்திரி என்றால் போலீஸ் வரும், மெஷினைக் கேட்பார்கள் என்று அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. தம்பி செத்துவிட்டான் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

பெத்தணன் சாயங்காலம் சொன்னது பிராந்தி மட்டுமில்லை. “மெஷின் எகிறுச்சுண்ணே. சுருளியண்ணன் கையி தகட்டுல மோதுச்சு, நான் பாத்தேன். செயின் நிக்கல.”

நாளைக்குப் புதன்.

ஆகஸ்ட் 20, புதன்

போனேன். நாவிதர் வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். தமயந்தியின் அண்ணன்மார் இரண்டு பேர், விஜயராணி, கோடாங்கி. ஹரிணி அறைக்குள் இருந்தாள். எல்லோரையும் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, தமயந்தியைக் கூப்பிட்டேன். தனியாக வரச் சொன்னேன். இங்கேயே சொல்லுங்கள் என்றாள். அங்கேயே சொன்னேன்.

மெஷினில் பிரேக் இல்லை. இருந்திருந்தால் சுருளி செத்திருக்க மாட்டான். அதைக் கழற்றியது நான். அவன் வேண்டாம் என்றான், நான் கேலி செய்து அனுப்பினேன். மாட்டிக் கொடு என்று திரும்பி வந்தான், அடுத்த வாரம் வா என்றேன். அவன் குடிக்கவில்லை. பிராந்தியை அழகுராசா காயத்தில் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை கோளாறு இல்லை என்று உன்னிடம் சொன்னது பொய்.

இவ்வளவையும் ஒரே மூச்சில், மெஷினுக்கு என்ன கோளாறு என்று ஆளிடம் சொல்கிற குரலில் சொல்லிவிட்டேன். வேறு குரல் வரவில்லை.

அவளுடைய அண்ணன் ஒருவர் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். தமயந்தி அவரைப் பார்க்கவே இல்லை.

“அப்ப அவரு குடிக்கல” என்றாள்.

குடிக்கல.

“எங்கிட்டச் சொன்னது போதாது மாமா. உள்ள வாங்க. அவகிட்டச் சொல்லுங்க.”

சட்டையை விடச் சொல்லிவிட்டு என்னை அறைக்குள் கூட்டிப் போனாள். ஹரிணி சுவர் மூலையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். மொட்டை போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் தள்ளியே தரையில் உட்கார்ந்தேன். பிள்ளையிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. பட்டை, டிரம் என்றெல்லாம் சொல்ல முடியாது. உங்கப்பா சத்தியத்தை மீறல, மெஷினை ரிப்பேர் பண்ணுன பெரியப்பா தப்புப் பண்ணிட்டேன், அதனாலதான் அப்பா செத்துப்போனாரு என்றேன்.

“நெசமாவா?” என்று அம்மாவைக் கேட்டாள். தமயந்தி தலையை ஆட்டினாள்.

“அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல பெரியப்பா?”

ஆகாது என்றேன்.

தலையைப் பொத்தியிருந்த கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பிறகு அம்மாவிடம், பசிக்குது என்றாள்.

தமயந்தி அடுப்படிக்குப் போனாள். தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அழுகை. ஒரு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு. என் ராசா, ஒன்னச் சந்தேகப்பட்டுட்டேனே என்று அழுதாள். விஜயராணி உள்ளே ஓடினாள். நாவிதர் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. பிள்ளை ரசம் ஊற்றி இரண்டு கரண்டிச் சோறு சாப்பிட்டு முடிக்கிறவரை இருந்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கேட்கிறவர்களிடம் ஆமாம் என்கிறேன். அழகுராசா இரண்டு நாளாக வெளியே தலை காட்டவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருந்த இரண்டு பேர் வந்து பிரித்துப் போட்டது போட்டபடி வாங்கிக்கொண்டு போனார்கள். போகட்டும். சில்லமரத்துப்பட்டி வாத்தியார் மட்டும் வந்து, நைலான் நரம்பு எந்தச் சைஸ் என்று கேட்டார். சொன்னேன். நடந்ததையும் சொன்னேன், தெரியும் என்றார்.

முப்பதாம் நாள் பூஜையை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள், நேற்று முடிந்தது. விஜயராணி மட்டும் போனாள். என்னை வர வேண்டாம் என்று தமயந்தி சொல்லிவிட்டிருந்தாள். சண்டையாகச் சொல்லவில்லையாம். மாமாவப் பாத்தா எனக்குச் சோறு எறங்காதுக்கா என்றாளாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஹரிணி இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று விஜயராணி சொல்லியிருந்தாள். அவர்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எங்கள் கடை வழிதான் நேர்வழி. எட்டு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிட்டு, கையில் ஒரு பிளக்கை வைத்துத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பேச வேண்டும் என்று இல்லை. நடக்கிறாளா என்று பார்க்கத்தான்.

ஒன்பது மணி ஆயிற்று. மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். ஒன்பதே காலுக்கு மணியடித்துவிட்டது. மறுபடியும் காய்ச்சலோ என்று விஜயராணிக்குப் போன் செய்தேன். அவள் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டாள். பிள்ளை எட்டரைக்கே போய்விட்டாளாம். சந்தைப்பேட்டையைச் சுற்றிப் போயிருக்கிறாள். நேற்றே அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம், கடை வழியாகப் போக மாட்டேன் என்று.

அந்த வழி ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல். புத்தகப் பையோடு அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பு வந்துவிட்டது பாருங்கள் என்று விஜயராணி எனக்காகச் சொன்னாள். ஆமாம் என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. தாங்கவும் முடியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து, நான் பிளக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு விஜயராணியைத் திரும்பக் கூப்பிட்டு, தமயந்தியிடம் ஒன்று சொல்லச் சொன்னேன். காலையில் ஒன்பதரைக்குத்தான் இனிக் கடை திறப்பேன், சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஷட்டர் இறங்கியிருக்கும். வெயிலில் சுற்ற வேண்டாம், பிள்ளை நேர்வழியிலேயே போகட்டும்.